கருப்பன் ஓட்டிய கார்

எங்கள் வீட்டில் அந்தச் சம்பவத்துக்கு இன்றும் ஒரே பெயர்தான்: 'கார் வயலுக்குள்ள போன கதை'. கல்யாணம், காதுகுத்து, துட்டி வீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார்கள். உடனே எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார் எங்கேயும் தானாகப் போகவில்லை. நான் கொண்டுபோனேன். இதுதான் வழி என்று தெரிந்து, ஸ்டியரிங்கை ஒடித்து இறக்கினேன். இறக்காமல் இருந்திருந்தால் சிரிக்கிறவர்களில் சிலர் இன்று சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்குவார்கள். இதைச் சொன்னால், "சரி விடு, அதான் கருப்பன் காப்பாத்திட்டான்ல" என்பார்கள். விட முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் சோழவந்தானில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு மதுரையில், மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில். கூட்டுக் குடும்பம், மாமியார், என் கணவர், கணவரின் அண்ணன், அவர் குடும்பம். அண்ணனுக்கு ஜவுளிக்கடை. என் கணவருக்கு ஆபீஸ் வேலை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார்கள். இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாது. தெரியாமல் எதற்கு வாங்கினார்கள் என்று கேட்கக்கூடாது. பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிட்டார், அவ்வளவுதான்.

என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். தமுக்கம் மைதானத்துப் பக்கம் ஒரு தள்ளுவண்டியை இடித்து, அதிலிருந்த வெள்ளரிப்பிஞ்சை எல்லாம் ரோட்டில் உருளவிட்டுவிட்டு வந்தவர், இனிமேல் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றார். கட்டிய பணம் வீணாகிறதே என்று நான் போனேன். லைசென்சும் வாங்கினேன். தெருவில் என்னைப் பார்க்கவென்றே சிலர் வாசலுக்கு வந்து நிற்பார்கள். புலியைக் கூட்டிக்கொண்டு போகிறவளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள்.

அந்தக் கார் எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சமையலை முடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தால் பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்துவிடும். ஹெட்மிஸ்ட்ரஸ் பல தடவை எச்சரித்துவிட்டார். அப்படியானால் வேலையை விட்டுவிடட்டும் என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. நான் காரை எடுத்துக்கொண்டு போகிறேன், மதுரையிலிருந்து வருகிற மற்ற டீச்சர்களும் பெட்ரோலுக்குப் பங்கு போடுகிறார்கள் என்றேன். மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். சாவி என் கையில் இருந்தால் வேலை இருக்கும். சாவி போனால் வேலையும் போகும். விஷயம் அவ்வளவு வெளிப்படையானது.

நான் நன்றாக ஓட்டுவேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. முன்னால் போகிற வண்டியின் பின்சக்கரங்கள் தரையைத் தொடுகிற இடம் எப்போதும் எனக்குத் தெரிய வேண்டும். முன்வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டினால், நான் அந்த மரத்துக்கு வந்து சேர்வதற்குள் நிதானமாக ஒரு மூச்சு இழுத்துவிட நேரம் இருக்க வேண்டும். பின்னால் எவன் வருகிறான் என்று கண்ணாடியில் ஒரு கண். இது எல்லாவற்றுக்கும் மேல், ஏதாவது ஆனால் எங்கே இறங்கலாம் என்று ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். தினமும் போகிற ரோடு. எங்கே வாய்க்கால், எங்கே வெற்றிலைக் கொடிக்கால் வேலி, எங்கே மண் சரிவு என்று எனக்கு மனப்பாடம். என்னோடு வருகிற டீச்சர்கள் பின்சீட்டில் தலை சாய்ந்து தூங்குவார்கள். அதைவிட எனக்கு என்ன சர்ட்டிபிகேட் வேண்டும்?

சமயநல்லூர் தாண்டி, மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து சோழவந்தான் போகிற வழியில் ஒரு சின்னப் பாலம் வரும். பாலத்தைத் தாண்டியதும் இடதுகைப் பக்கம் புளியமரத்தடியில் ஒரு கருப்பசாமி. கூரை கிடையாது, ஒரு பீடமும் நட்டுவைத்த அரிவாள்களும்தான். அந்த வழியாகப் போகிற வண்டிக்காரன் எவனும் கருப்பனைக் கும்பிடாமல் போக மாட்டான். கும்பிடட்டும், நானும் கும்பிடுகிறவள்தான். ஓரமாக நிறுத்திக் கும்பிட்டால் என்ன? கூடாதாம். சாமிக்கு நேராக, ரோட்டின் மேலேயே வண்டி நிற்க வேண்டுமாம். ஒதுங்கி நின்றால் கருப்பன் முன்னால் பதுங்குகிற மாதிரி ஆகிவிடுமாம். நிற்க நேரம் இல்லாதவர்கள், கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணை ரோட்டிலிருந்து எடுத்து அரிவாளின் மேல் வைத்துக்கொண்டு, அப்படியே போவார்கள். கருப்பன் நிஜமாகவே எழுந்து வந்தால் முதலில் இவர்களைத்தான் விரட்டுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சோழவந்தானில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. நான் ஓட்டினேன். பக்கத்தில் என் கணவர். பின்சீட்டில் மாமியாரும் மூத்தாரும். மூத்தார் நல்ல ஆகிருதி. சீட்டின் நடுவில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் பாதி அவர் தலைதான். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் பெரியத்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். நகரவில்லை.

பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் டிரெய்லர். அதில் நடவுக்குப் போகிற பெண்கள். டிரெய்லரின் பின்பலகையை இறக்கிவிட்டு, அதில் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டிருந்தார்கள். மடியில் தூக்குவாளி. நான் வழக்கம்போலத் தள்ளியே போனேன். எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டு ஹாரனை அடித்தது.

"ஏன் இம்புட்டுத் தள்ளிப் போற? இடையில எவனாச்சும் நொழைஞ்சிருவான்" என்றார் மூத்தார்.

"நொழையட்டும், பெரியத்தான்."

"பஸ்காரன் காதக் கிழிக்கிறான். ஒட்டிப் போ. நம்ம கடைச் சரக்கு லாரி டிரைவர் எம்புட்டு ஒட்டிப் போறான் தெரியுமா?"

கருப்பன் கோயில் வருகிறது, டிராக்டர்காரன் நிற்பான் என்று எனக்குத் தெரியும். வலது கையை வெளியே நீட்டி மேலும் கீழும் ஆட்டினேன்: பின்னால் வருகிறவனே, மெதுவா, மெதுவா.

டிராக்டர் நின்றது. மெதுவாகி நிற்கவில்லை; கருப்பனுக்கு நேராக, நடுரோட்டில், அடித்துவைத்த முளை மாதிரி நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். எனக்கு இடம் இருந்தது. நான் நின்றிருப்பேன், அந்தப் பெண்களின் காலுக்குத் தாராளமாக இடம் விட்டு நின்றிருப்பேன். ஆனால் கண்ணாடியைப் பார்த்தேன். மூத்தாரின் தலைக்கும் மாமியாரின் கொண்டைக்கும் நடுவில் இருந்த சந்தில் பஸ் தெரிந்தது. அதன் டிரைவருடைய வலது கை நெற்றியில் இருந்தது. முகம் இடதுபக்கம் திரும்பியிருந்தது. அவர் கருப்பனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் நின்றால் பஸ் என்னை இடிக்கும், என் காரைக் கொண்டே அந்தப் பெண்களை நசுக்கும். வலதுபக்கம் ஒதுங்கலாம் என்றால் எதிரே வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி. இடதுபக்கம், புளியமரத்துக்கு முன்னால், மாட்டுவண்டித் தடம் ஒன்று வயலுக்குள் இறங்கும். அது அங்கே இருக்கிறது என்று தினமும் பார்த்துவைத்திருந்தேன். அந்த நேரத்தில் யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். யோசிக்க வேண்டியதை எல்லாம் முன்பே யோசித்து வைத்திருந்தேன்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கதை கேட்கிறவர்கள் இந்த இடத்தில்தான், "என்னது, பிரேக்க விட்டியா?" என்று வாயைப் பிளப்பார்கள். ஆமாம், விட்டேன். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும்போது ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. விட்டால்தான் வண்டி திரும்பும். விட்டேன், ஒடித்தேன், கார் தடத்தில் குதித்து இறங்கி, நடவுக்குச் சேறடித்து வைத்திருந்த வயலுக்குள் போய் முன்சக்கரம் புதைந்து நின்றது. கண்ணாடி முழுக்கச் சேறு. எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் பஸ்ஸின் டயர் கிறீச்சிட்டுத் தேய்வது கேட்டது. பெண்கள் கத்தினார்கள். அப்புறம் ஒன்றுமில்லை.

கதவைத் திறந்து முழங்கால் அளவு சேற்றில் இறங்கினேன். முதலில் உள்ளே இருந்தவர்களைப் பார்த்தேன். யாருக்கும் கீறல்கூட இல்லை. அப்புறம் ரோட்டைப் பார்த்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பம்பருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அந்தப் பெண்கள் காலை மடக்கி மேலே ஏறியிருந்தார்கள். கீழே விழுந்த ஒரு தூக்குவாளி பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு அடியில் தட்டையாகிக் கிடந்தது, கஞ்சி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. என் கார் நின்றிருக்க வேண்டிய இடத்தில் பஸ் நின்றது. பஸ்ஸுக்கு நிற்க இடம் கிடைத்தது நான் அந்த இடத்தைக் காலி செய்ததால். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படம் போட்டுக் காட்டினால் புரியும்.

யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் வயலுக்குள் நிற்கிற காரைப் பார்த்தார்கள். அதன் பக்கத்தில் நிற்கிற புடவையைப் பார்த்தார்கள்.

"மாப்ள, பொம்பளடா. அதான்" என்று பஸ் ஜன்னலில் ஒருவன் சொன்னான்.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். நெற்றியில் வைத்திருந்த அதே கையை நீட்டி, "ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார்.

"சொல்ல என்ன இருக்கு? வீடே பின்சீட்டுலதான் உக்காந்திருக்கு" என்றேன். "நீங்க எங்கண்ணே பாத்து ஓட்டுனீங்க? ரோட்டையா, அருவாளையா?"

கூட்டம் சிரித்தது என் முதல் வரிக்கு மட்டும்தான். இரண்டாவது வரி யார் காதிலும் ஏறவில்லை.

மூத்தார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து ரோட்டுக்கு ஏறினார். நேராகக் கருப்பனிடம் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மாமியாரும் போனார். டிரெய்லரில் இருந்த பெண்களும் இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மூத்தார் எழுந்து, "கருப்பா, நீதான்யா வண்டியத் திருப்பி எங்க உசுரக் காப்பாத்துன. உனக்கு ஒரு கிடா வெட்டுறேன்" என்றார். டிராக்டர்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நடுரோட்டில் நிறுத்தியவன் அவன். பார்க்காமல் வந்தவர் பஸ்காரர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நான் மட்டும் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த டிராக்டரே கயிறு கட்டிக் காரை ரோட்டுக்கு இழுத்துவிட்டது. நான் உட்காரப் போனேன். மூத்தார் கையை நீட்டினார்.

"சாவியக் குடு. போதும் நீ ஓட்டுனது. நான் அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். முன்கண்ணாடி வழியாக டிராக்டர் நின்றதைப் பார்த்தவர். நான் கையை வெளியே ஆட்டியதைப் பார்த்தவர். ஹாரனுக்குத் திரும்பிப் பஸ்ஸையும் பார்த்தவர். ஒரு வார்த்தை, 'அண்ணே, இவ திருப்பலைன்னா நம்ம இல்ல' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் சாவியைக் கொடுத்தேன். பஸ்ஸில் வந்த ஒருவருக்கு ஓட்டத் தெரியும் என்றார்கள். அவர் எங்களைச் சோழவந்தானில் கொண்டுபோய் விட்டார்.

அடுத்த வாரமே கடைக்காரர் ஒருவர் சிபாரிசில் ஒரு டிரைவர் வந்துவிட்டார். காலையில் கார் ஜவுளிக்கடைக்குப் போகும். நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் மறுபடி பிரேயர் தவறியது. ஹெட்மிஸ்ட்ரஸ், இனி தாமதமானால் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் டீச்சர் என்றார். வீட்டில் அதைச் சொன்னபோது மாமியார், "எழுதிக் குடுத்துருத்தா. உனக்கு இங்க என்ன கொறை?" என்றார். நல்ல மனுஷிதான். அதனாலேயே கூடுதலாக எரிச்சல் வந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது பொறுக்க முடியாமல் தரையிலேயே பாடம் நடத்திவிட்டேன். ஊறுகாய் ஜாடி டிராக்டர். உப்புக் கிண்ணம் நம்ம கார். தண்ணீர் டம்ளர் பஸ். "இது இங்க நிக்கிது, இது இப்படி வருது. இது நின்னா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க பெரியத்தான்" என்று டம்ளரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"சாப்பாட்டுல வெளையாடாத" என்றார் மூத்தார். "ஒண்ணும் ஆகலைல? ஆகாத ஒண்ண ஆகியிருக்கும்னு சொல்லிக்கிட்டுத் திரியிற. கார் வயல்ல கெடந்துச்சு, அத நாங்க பாத்தோம்."

இடித்துச் செத்திருந்தால் சாட்சி இருந்திருக்கும். இடிக்காமல் காப்பாற்றியதற்குச் சாட்சி என் கணவர் ஒருவர்தான். அவரைப் பார்த்தேன். அவர் பஸ்ஸாக நின்ற டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

அன்று அறைக்குள், "உங்க வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அண்ணன எதுத்துப் பேசச் சொல்றியா?"

"எதுக்க வேணாம். பாத்தத சொல்லுங்க."

"கொஞ்ச நாள் போகட்டும். தானா ஆறிரும்" என்றார். ஆறிவிடுமாம். ரசமா இது, ஆறுவதற்கு?

கிடா வெட்டுகிற நாள் வந்தது. புது டிரைவர் ஓட்டினார். நான் பின்சீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில். முன்னால் போன லாரியின் பின்பலகையில் இருந்த எழுத்தை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு ஒட்டிப் போனார். என் வலது கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். மூத்தார் முன்சீட்டில் இருந்து, "இதுதான்யா ஓட்டுறது" என்றார். அவருக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கருப்பன் கோயிலில் சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டார்கள். கிடா விழுந்தது. புளியமரத்தடியில் அடுப்பு எரிந்தது. இலை போடக் காத்திருக்கும்போது மூத்தார் மறுபடி அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். எதிரில் பத்துப் பதினைந்து பேர். "ஸ்டியரிங்கு அவ கையிலயே இல்ல. நான் கண்ணால பாத்தேன். அப்படியே சொழட்டிச் சொழட்டிக் கருப்பன்தான் திருப்புனான். பொம்பளக் கைக்கு அந்த பலம் ஏது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், கேட்டிருக்கிறேன். இவர் ஒரு அம்பாசடரையே மறைத்துக்கொண்டிருந்தார். உச்சந்தலை வரை எரிந்தது எனக்கு. எழுந்தேன். காருக்குப் போனேன். டிரைவர் சாவியை வண்டியிலேயே தொங்கவிட்டுவிட்டுக் கறிச் சட்டியின் பக்கம் போயிருந்தார். சாவியை உருவினேன். நேராகப் பீடத்துக்குப் போய், அரிவாளுக்கு அடியில் வைத்தேன்.

"கருப்பன்தான ஓட்டுனாரு? சாவி அவருகிட்டயே இருக்கட்டும். வீட்டுக்கும் அவரே கொண்டுபோய் விடட்டும்" என்றேன்.

சத்தியமாகத் திட்டம் எதுவும் இல்லை, வெறும் கோபம்தான். ஆனால் வைத்த பிறகுதான் எல்லோர் முகத்திலும் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். கருப்பன் காலடியில் வைத்ததைப் பூசாரி எடுத்துக் கொடுக்காமல் யாரும் தொட முடியாது. அந்தப் பக்கத்தில் அதற்குத் துணிந்தவன் எவனும் கிடையாது. மூத்தாருக்கு வேர்த்தது.

"பூசாரி, அத எடுத்துக் குடுங்க" என்றார்.

பூசாரி வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார். சாவியின் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார், திருநீறு தூவினார், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவகிட்ட இல்ல, என்கிட்டக் குடுங்க. நான்தான் மூத்தவன்" என்றார் மூத்தார்.

"மூத்தவரா இருங்க, யாரு வேணாம்னா?" என்றார் பூசாரி. "வச்சது இவுக. வச்ச கையிலதான் திருப்பிக் குடுக்கணும். வேற கையில குடுத்தா கருப்பு என்னைக் கேப்பான்."

சாவி என் உள்ளங்கைக்கு வந்தது, பழத்தோடும் திருநீறோடும். மூத்தாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கருப்பன் கொடுத்ததைப் பிடுங்க அவருக்குத் தைரியம் கிடையாது. அந்த டிரைவர் அப்புறம் கடையில் துணி மடிக்கப் போய்விட்டார். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவரை சாவி என்னிடம்தான் இருந்தது. வேலையும் இருந்தது. ஜெயித்துவிட்டாய், பிறகு என்ன என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். காப்பாற்றியது கருப்பன், சாவி கொடுத்தது கருப்பன். நான் எங்கே இருக்கிறேன் இதில்?

சாப்பாடு முடிந்து டிரைவர் பஸ்ஸுக்குப் போனார், நாங்கள் காரில் ஏறினோம். நான் ஓட்டினேன். மூத்தார் ஏறாமல் இருக்க முடியாது. ஏறாவிட்டால் கருப்பனை நம்பவில்லை என்று ஆகிவிடும். பின்சீட்டில் மாமியாருக்கு அந்தப் பக்கம் மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என் கணவர் எனக்குப் பக்கத்தில்.

சமயநல்லூர் வரும்போது அவர் என் பக்கம் சாய்ந்தார். எஞ்சின் சத்தத்தில் பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், "அன்னைக்கு நீ ஒடிச்சதுனாலதான் நாம இருக்கோம். நான் பாத்தேன்" என்றார்.

கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் யாரும் வரவில்லை. கையை நீட்டிச் சைகை காட்டி, வேகத்தைக் குறைத்து, தார் ரோட்டை விட்டு முழுசாக இறங்கி ஓரத்தில் நிறுத்தினேன்.

"இப்ப என்கிட்டச் சொன்னீங்கள்ல, அதத் திரும்பி உங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க" என்றேன். "சொன்னதுக்கு அப்புறம் வண்டி கிளம்பும்."

"என்ன, எதுக்கு நிறுத்திருக்க?" என்று மாமியார் கேட்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. என் கணவர் மூக்குக்கண்ணாடியைத் தொட்டார், கழற்றவில்லை. என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். இருக்கையில் முழுசாகத் திரும்பி, ஒரு கையைச் சீட்டின் முதுகில் போட்டுக்கொண்டு, அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அண்ணே" என்றார்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. கண்ணாடிய ஏத்திவிட்டுக்கங்க. தூசி வருது."

மூத்தார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நான் பின்னால் பார்த்தேன், கையை வெளியே நீட்டினேன், கியரைப் போட்டு வண்டியை ரோட்டுக்கு ஏற்றினேன்.